நெய்யாறு விமன்ஸ், 2001 முதல்

தான் வேலை பார்க்கும் அட்சய இ-சேவை சென்டரில் மதியக் கூட்டம் கலைந்த பிறகு, "2009" என்று தட்டச்சு செய்துவிட்டு ஷைலஜா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். அதுவரை எளிதாகத்தான் வந்தது. குளத்தூரில் அறுவடை முடிந்த வயலில் கமுகுத் தடி நட்டு, ஐந்து பெண்கள் ஃபுட்பாலைக் கையால் எறிந்து விளையாடத் தொடங்கியது. பந்து மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் விழும்போதெல்லாம் தோட்டக்காரர் சத்தியதாஸ் வந்து சண்டை பிடித்தது. பிறகு அவரே கோல் போஸ்டுக்கு வலை கட்டித் தந்தது. இதெல்லாம் இரண்டு பக்கத்துக்கு வந்துவிட்டது. நெய்யாறு விமன்ஸ் ஹேண்ட்பால் கிளப்பின் இருபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு நாலு பக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தார் செயலாளர் ராபின்சன். "நீயாக்கும் எட்டு வருஷம் கேப்டன். உனக்கல்லாதே வேற ஆருக்கு இதெல்லாம் ஓர்மையுண்டு?" என்றார்.

அது உண்மைதான். ஷைலஜாவிடம் மிச்சம் இருந்தது அந்த ஓர்மை, அந்த நினைவு மட்டும்தான். கோல் கீப்பராக நின்ற நாட்களில் பந்து பட்டு வளைந்த இடதுகைச் சுண்டுவிரல் இன்னும் நிமிரவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் அவள் ஒருத்திதான். தம்பி ஷார்ஜாவில். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் டிவியைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போவாள். என்ன ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. வீட்டுக்குள் யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும்.

2009 இறுதி ஆட்டத்தில் இடைவேளையின்போது நீதுவின் வலது முழங்கால் வீங்கியிருந்தது. இருபத்திரண்டு வயது லைன் பிளேயர். எதிரணிப் பெண்களின் நடுவில் முதுகைக் காட்டி நின்று, பந்து கைக்கு வந்ததும் சுழன்று எறிவாள். அவள் இல்லாமல் இரண்டாம் பாதியை நினைக்க முடியாது. கோச் ஸ்ப்ரே அடித்து, கட்டுப் போட்டு, ஷைலஜாவைப் பார்த்தார். நீது அவள் சொன்னால் கேட்பாள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஷைலஜா அவள் முன்னால் குத்தவைத்து, "இருவது நிமிஷம் நில்லு மக்கா, பின்ன மாத்தி விடுதேன்" என்றாள். இருபது நிமிடம் கழிந்தும் யாரும் அவளை மாற்றவில்லை. இருபத்தாறாவது நிமிடத்தில் நீது கோல் அடித்துவிட்டு விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. ஒரு கோல் வித்தியாசத்தில் கப்பு கிடைத்தது.

அந்தக் கப்பினால்தான் ஸ்பான்சர் வந்தார். அடுத்த வருஷம் முதல் பதினாலு பெண்களுக்கு ஒப்பந்தம், மாதச் சம்பளம், ஹாஸ்டல். ஊர்க் கிளப் தொழில்முறைக் கிளப் ஆனது. பதினாலு பெயரில் நீதுவின் பெயர் இல்லை.

ஷைலஜா இதை எழுதினாள். தான் சொன்ன அந்த ஒரு வாசகத்தையும் எழுதி ராபின்சனுக்கு அனுப்பினாள். மறுநாள் காலையிலேயே அவர் போனில் கூப்பிட்டார்.

"ஷைலஜா, எல்லாம் நல்லா இருக்கு. அந்த நீது விஷயம் மாத்திரம் வேண்டாம், கேட்டியா? மந்திரி வந்து மலர் வெளியிடுத பரிபாடியாக்கும்."

"நடந்ததுதானே அண்ணா."

"நடந்ததெல்லாம் எழுத ஒக்குமா? நீயும்தான் கெட்ட பேரு வாங்குவே."

அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். யோசிக்க ஒன்றும் இல்லை. பதினேழு வருஷமாக அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு அம்பூரிக்குப் பஸ் ஏறினாள். நீதுவைக் கட்டிக் கொடுத்த ஊர் அது என்று மட்டும் தெரியும். வெள்ளறடை தாண்டியதும் சாலை ஏறத் தொடங்கியது. இரண்டு பக்கமும் ரப்பர். இறங்கிய இடத்தில், "காலு முடியாத்த நீது" என்று கேட்டதும் கடைக்காரர் கையை நீட்டி வழி காட்டினார்.

நீது முற்றத்தில் ரப்பர்ப்பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். உடம்பு கொஞ்சம் கனத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். ஆனால் ஆச்சரியப்படவில்லை.

"அக்கா வா. இரி. சாயா போடுதேன்."

நடக்கும்போது வலதுகால் மடங்காமல் வெளிப்பக்கமாக வட்டமடித்து வந்தது. ஷைலஜா வேறு பக்கம் பார்த்தாள். கணவன் சுதீஷ் லாரியில் போனால் வர நாலைந்து நாள் ஆகும் என்றாள் நீது. மகள் ஒன்பதில் படிக்கிறாள். பக்கத்துத் தோட்டத்தில் இருநூறு ரப்பர் மரத்தில் பால் எடுப்பது இவள் பொறுப்பு. பால் சேர்க்காத கட்டன் சாயா வந்தது. ஷைலஜா அதைக் குடிக்காமல் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். நீது மெதுவாக வாசித்தாள்.

"இருவது நிமிஷம் நில்லுண்ணு நீயா சொன்னே?"

"நான்தான்."

"எனக்கு ஓர்மையில்ல." காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "ஆரு சொல்லலேண்ணாலும் நான் எறங்கியிருப்பேன். பந்துக் களியெல்லாம் மறந்தாச்சு அக்கா."

ஷைலஜாவுக்கு ஒரு கணம் மூச்சு லேசானது. பிறகு நீது வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில நாப்பத்தொண்ணு நாளு கெடந்தேன். வாசலுக்கு நேரேயாக்கும் எனக்க கட்டிலு. நாலு மணிக்கு ஆளுவள உள்ள விடுவினும். கப்பும் கொண்டு எல்லாரும் வருவியண்ணு நெனச்சேன். பின்ன, நீ மாத்திரமாவது வருவேண்ணு. அம்மைய முடி சீவித் தரச் சொல்லுவேன், மூணரைக்கே."

"கேம்ப் இருந்தது நீது" என்று தொடங்கினாள் ஷைலஜா. முதல் பத்து நாள்தான் பயிற்சி கேம்ப். மற்ற முப்பத்தொரு நாளும் என்ன முகத்தோடு போவது என்று நினைத்தே கழிந்துவிட்டது. ஷைலஜா காகிதத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

"அது மாத்திரம் மறக்கல்ல" என்றாள் நீது. குரலில் கோபம் இல்லை. எழுந்து வாளியை எடுத்தாள். "பாலெடுக்க நேரமாச்சு. பதினொண்ணரைக்கு ஒரு பஸ் உண்டு. அது வரல்லேண்ணா பின்ன ஒண்ணேகாலுக்காக்கும்."

"நானும் வாறேன். வாளி பிடிக்கேன்."

"வேண்டாம் அக்கா. சறுக்கும். எனக்குப் பழகிப்போச்சு."

பதினொன்றரை பஸ் வரவில்லை. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு ராபின்சன் கூப்பிட்டார். மலர் அச்சுக்குப் போக வேண்டுமாம்.

"அந்த வரிய எடுத்தாச்சா?"

"எடுத்திருங்க. பதிலுக்கு வேற ஒண்ணு போடணும். நாப்பத்தொண்ணு நாளு அவ ஆஸ்பத்திரியில கெடந்தா, டீமில ஒருத்தரும் போய்ப் பாக்கல்ல. கேப்டன் ஷைலஜாவும் போவல்ல. எனக்க பேரு அதில வேணும், அண்ணா."

ராபின்சனும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. "அது எங்ஙன சரித்திரமாவும் ஷைலஜா?" என்று மட்டும் கேட்டார்.

"போடலேண்ணா எனக்க நாலு பக்கமும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

நிறுத்தத்துக்கு மேலே இருந்த ரப்பர் தோட்டத்தில் நீது தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. மரத்தில் கட்டிய சிரட்டையிலிருந்து பாலை வழித்து ஊற்றும் சத்தம். வாளியைத் தரையில் வைக்கும் சத்தம். அடுத்த மரத்துக்குப் போகும் இடைவெளி மற்றவர்களுக்கு ஆவதைவிட நீண்டதாக இருந்தது. ஷைலஜா எண்ணத் தொடங்கினாள். அறுபத்திரண்டாவது மரத்தில் சத்தம் நின்றது. நீது சறுக்கிவிட்டாளோ என்று அவள் எழுந்து சாலையைக் கடந்து, தோட்டத்துக்குள் ஏறும் முதல் படியருகே போய் நின்றாள். காற்று இல்லை. வெகுநேரத்துக்குப் பிறகு, இன்னும் உயரத்தில், இன்னும் தள்ளி, வாளியை வைக்கும் சத்தம் கேட்டது.