அரம் படாத நாணயம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது யாரும் எனக்குச் சொன்ன கதை இல்லை. எத்தியோப்பியாவின் ஹரார் நகரில் பத்தொன்பது வருஷம் கணக்கு வாத்தியாராகக் காலம் தள்ளியபோது கூடவே இருந்து பார்த்தது. ரெமெதான் உயிரோடு இருந்தால் எழுத விட்டிருக்கமாட்டார். மீறி எழுதியிருந்தால் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுல எதை மறைக்கிற, வாத்தியாரே?" என்றிருப்பார். நியாயமான கேள்விதான்.

ஆரம்பம், முதல் முயற்சி: தையற்காரர் ரெமெதான் தன் பேத்திக்காக ஆசை ஆசையாக வெள்ளி நாணயங்களைச் சேர்த்து—

(வேண்டாம். பாசக்காரத் தாத்தா என்று நினைத்துவிடுவீர்கள்.)

இரண்டாம் முயற்சி: ரெமெதான் யாரையும் நம்பாதவர்.

இது நிற்கும்.

2

மார்த்ரேசா என்பார்கள் அந்த வெள்ளி நாணயத்தை. ஒரு பக்கம் அயல்தேசத்து ராணி, மறுபக்கம் இரட்டைத்தலைக் கழுகு. எந்தக் காலத்தில் அடித்தாலும் 1780 என்றே போட்டுவிடுவார்கள், அவ்வளவு நேர்மை. ராணியின் தோள் ஊக்கில் உள்ள முத்துக்களையும் கழுகின் வால் இறகையும் பார்த்துத்தான் பழசா புதுசா என்று கண்டுபிடிக்கவேண்டும். ரெமெதான் அதில் கில்லாடி. ஒவ்வொரு அரஃபா பெருநாளுக்கும் ஒன்று, அதுவும் அரிய அச்சாகப் பார்த்து, முப்பத்துநான்கு சேர்த்திருந்தார். வரப்போகும் வாரிசுக்கென்று தொடங்கியது; இப்போது எல்லாம் பேத்தி ஹனானுக்கும் அவள் வயிற்றில் பிறக்கப்போகிறவர்களுக்கும்.

வாங்கிய அன்றே கதவைச் சாத்திக்கொண்டு ஒரு காரியம் செய்வார். சின்ன அரத்தை எடுத்து, ராணியின் தோளுக்குக் கீழே விளிம்பில் ஒரு கீறல். எவனாவது மாற்றி வைத்தால் தெரிந்துவிட வேண்டுமே. போதாதென்று பெட்டி மூடியில் தன் தாடி மயிர் ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டி வைப்பார்.

(மயிர் விஷயம் என் கைச்சரக்கு என்று தோன்றும். இல்லை. சாட்சி பின்னால் வருகிறது.)

3

கண்ணில் புரை விழ ஆரம்பித்ததும் உயில் எழுதிவிட முடிவு செய்தார். மதிப்புப் போட அடிஸ் அபாபாவிலிருந்து தெஷாலே என்ற நாணய வியாபாரி வந்தான். என்னைச் சாட்சிக்கு உட்காரச் சொல்லியிருந்தார். மருமகள் பெத்ரியா எங்கள் மூவருக்கும் காப்பித்தோல் கஷாயத்தில் பால் ஊற்றி வைத்துவிட்டுப் போனாள். அவள் புருஷன் அன்வர் ஜிபூட்டி சாலையில் லாரியோடு இருந்தான்.

தெஷாலே ஒவ்வொன்றாகப் பார்த்து இடப்பக்கம் வைத்துக்கொண்டே வந்தான். இடப்பக்கம் முப்பத்துமூன்று, வலப்பக்கம் ஒன்று.

"பெரியவரே, இந்தக் கும்பல் வெள்ளி எடைக்குத்தான் போகும். அருமையான அச்சுங்க எல்லாம். ஆனா யாரோ பாவி அரத்தைப் போட்டு ராவியிருக்கான். சேகரிக்கிறவன் இதைத் தொடமாட்டான்." வலப்பக்கத்து ஒன்றைத் தூக்கிக் காட்டினான். "இது ஒண்ணுதான் முழுசு."

முப்பத்துநான்கு வருஷம் போயிற்று. நீங்களோ நானோ என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். ரெமெதான் அந்த ஒன்றை வாங்கி, விளிம்பை நகத்தால் தடவினார். கீறல் இல்லை. அவருக்கு அதுதான் இடி.

"இது என்னுது இல்ல. என்னுதை எடுத்துட்டு இதை வெச்சிருக்காங்க."

மட்டத்தை எடுத்துக்கொண்டு உசத்தியை வைத்துப் போகிற திருடன் எந்த ஊரில் இருக்கிறான் என்று தெஷாலே சிரித்தான். அதுதான் சூழ்ச்சியே என்றார் ரெமெதான். பிறகு பெத்ரியாவைக் கூப்பிட்டார். நாங்கள் இருக்கும்போதே கேட்டார்.

 அவள் குரல் ஆடவில்லை.

"மாமா, பதினோரு வருஷமா அந்தப் பெட்டியைத் தூசி தட்டக்கூட நான் தொட்டதில்ல. மூடியில நீங்க ஒட்டி வெக்கிற மயிர் விழுந்துடுமோன்னு பயம். விழுந்தா யார் பேரு வரும்னு எனக்குத் தெரியாதா?"

உள்ளே போனாள். பெட்டி மூடும் சத்தம் கேட்டது. துணிப்பெட்டி. ஹனானைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, வாசலில் குனிந்து அவளுக்குச் செருப்பு மாட்டத் தொடங்கினாள். ஜிஜிகாவில் அம்மா வீடு. போனால் திரும்புகிற ரகமில்லை அவள்.

4

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

அ) அன்வர் எப்போதோ பணமுடையில் ஒன்றை விற்றுவிட்டான். மனசு உறுத்தி, ஜிபூட்டியில் நல்லதாக ஒன்று வாங்கி வைத்தான். (அழகாக இருக்கிறது. நம்பமாட்டேன்.)

ஆ) பெத்ரியாவே எடுத்தாள். (இதை எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை.)

இ) ஆறு வருஷத்துக்கு முந்தைய அரஃபா அன்று ஒரு விருந்தாளி கதவைத் தட்டாமல் நுழைந்தான். ரெமெதான் அப்போதுதான் அரத்தைக் கையில் எடுத்திருந்தார். அவனை நம்பாமல், அரத்தைத் தொடைக்கடியில் தள்ளி, நாணயத்தைச் சட்டென்று பெட்டியில் போட்டு மூடினார். பிறகு மறந்துபோனார். விருந்தாளி எல்லாவற்றையும் பார்த்தான். பார்க்காதவன் மாதிரி ஆட்டுக்கறியைப் பற்றிப் பேசினான்.

(இந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. இதில் நான் வருகிறேன்.)

5

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். திறந்தால் பெட்டி இருக்கும் இடம் எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும் என்றாகும். அவர் கண் பெத்ரியாவை விட்டு என் பக்கம் திரும்பும். அந்த ஊரில் நான் கேட்காமல் நுழையக்கூடிய ஒரே வீடு அது. பயந்தேன். அவ்வளவுதான்.

பெத்ரியா குழந்தையின் கையைப் பிடித்து வாசலைத் தாண்டி—

இந்த வரியை முடிக்கமாட்டேன். முடிக்காதவரை அவள் அங்கேதான் நிற்கிறாள். ஹனானுக்கு இன்னும் ஒரு காலில்தான் செருப்பு.

ரெமெதான் கீறலில்லாத நாணயத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, புரை விழுந்த கண்ணால் அறையைச் சுற்றிப் பார்க்கிறார்.

"வேற யாராவது எதையாவது பாத்தீங்களா?"

தெஷாலே தலையாட்டி இல்லை என்கிறான். நான் கோப்பைக்குள் பார்க்கிறேன். அடுத்தது நீங்கள். உங்களுக்கும் இப்போது தெரியும். உங்கள்மேல் இந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமும் இல்லை.

சொல்லுங்கள்.