கும்மட்டத்துக்குக் கீழே மாப்பிள்ளை

எங்கப்பாவுக்கு முழங்கால் வலி எப்ப வரும்னு எனக்கு நல்லாத் தெரியும். உசுருக்கு ஆபத்துன்னா வரும்.

வாசல்ல ஆறு பெரிய தூண், அதுமேல முக்கோண முகப்பு, உள்ளே நடுவுல வட்டமா சுவர் எழுப்பி அதுமேல செங்கல் கும்மட்டம். எங்க ஊர்ல இந்த மாதிரி ஒரு சர்ச் கட்டினது அப்பாதான். இதே இடத்துல முன்னாடி வேற ஒருத்தர் கட்டின கும்மட்டம் ஜெபம் நடக்கும்போதே இடிஞ்சு விழுந்துச்சு. அதுலேர்ந்து ஊர்ல ஒரு கட்டளை: கும்மட்டத்தைத் தாங்குற சாரத்தைப் பிரிக்கிறப்போ கட்டினவர் நேர் கீழே நிக்கணும். அவரால முடியலைன்னா வீட்டு ஆம்பளை ஒருத்தர் நிக்கணும்.

வட்டச் சுவர்ல ஒரு விரிசல். அதுக்குக் குறுக்கே அப்பா சுண்ணாம்புப் பட்டை ஒண்ணு ஒட்டியிருந்தார். பட்டை உடைஞ்சா சுவர் இன்னும் நகருதுன்னு அர்த்தம். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனப்போ பார்த்தேன், உடைஞ்ச பட்டையைச் சுரண்டிப் போட்டுட்டு புதுசா ஒட்டிக்கிட்டிருக்கார்.

"என்னப்பா இது?"

"உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போ."

சாரம் பிரிக்கிறதுக்கு முந்தின நாள் அப்பாவுக்கு முழங்கால் வீங்கிடுச்சாம். அண்ணனுக்குக் காய்ச்சலாம். நல்லா நடமாடிக்கிட்டிருந்தவனைப் போர்த்திப் படுக்க வெச்சதே அப்பாதான். அப்புறம் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். சாரம் கட்டின தச்சர் அவர்தான்.

"மாப்பிள்ளை, நீங்களும் எனக்கு ஒரு மகன்தானே. நீங்க நில்லுங்க."

பெத்தவங்க முகமே தெரியாம வளர்ந்த மனுசன். தலைகால் புரியலை அவருக்கு.

"ஐயோ, போகாதீங்க! அந்தச் சுவர் நகருது. பெத்த பிள்ளையைப் படுக்க வெச்சிட்டு உங்களை அனுப்புறார்," னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன்.

"வாயைக் கழுவுடி. என்னை மகன்னு சொன்னவர் அவர் ஒருத்தர்தான். உனக்கு அதுவும் பொறுக்கலையா?"

மறுநாள் என் வீட்டுக்காரர் கும்மட்டத்துக்கு நேர் கீழே நின்னார். நான் தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உக்காந்திருந்தார். சாரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த ஆப்புகளைத் தட்டித் தட்டி எடுத்தாங்க. புழுதி கொட்டுச்சு, ஒரு செங்கல் துண்டு இவர் காலடியில வந்து விழுந்துச்சு. அண்ணாந்து பார்த்துச் சிரிச்சுக்கிட்டே நின்னார், பாவி மனுசன். கும்மட்டம் நின்னுடுச்சு.

ஊரே கைதட்டினதும் அப்பா படியேறி ஓடி வந்தார். ஆமா, ஓடித்தான் வந்தார். இவரை ஓரமாத் தள்ளிட்டு நடுவுல நின்னு எல்லாருக்கும் கும்பிடு போட்டார். வீட்டுக்குப் போனா, காய்ச்சல்காரன் ரெண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டிருக்கான்.

இவர் தலையில இருந்த புழுதியைக்கூட தட்டலை. "இன்னும் கும்மட்டத்து உச்சியில கல்லுல செஞ்ச மாடத்தை ஏத்தணும். அது என்ன கனம் தெரியுமா! அன்னைக்கும் நானே நிக்கிறேன்னு மாமாகிட்ட கேட்டு வாங்கிட்டேன்," ன்னார்.

விடிஞ்சதும் இவரை இழுத்துக்கிட்டுப் போய் அந்த வட்டச் சுவரைக் காட்டினேன். புதுப் பட்டை நடுவுல ரெண்டா உடைஞ்சிருந்துச்சு. தச்சருக்கு அது என்னன்னு நான் சொல்லணுமா? ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னார். அப்பாடா, இப்பவாவது புரிஞ்சுதேன்னு நினைச்சேன்.

குனிஞ்சு சுண்ணாம்பைக் குழைச்சார். உடைஞ்சதைச் சுரண்டிட்டு புதுசா ஒட்டினார்.

"மாமா பார்த்தா மனசு கஷ்டப்படுவார்," ன்னார்.