கதவில் எழுதிய முடிவு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் வத்தல்மலை அடிவாரத்து முதியோர் பள்ளிக்குச் சிலேட்டு வாங்க வக்கில்லை. காஜா வாத்தியார் மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதித்தான் சொல்லிக்கொடுத்தார். ராகி விதைக்கிற நாகன் ஐம்பது வயதில் எழுத்தைத் தடவித் தடவிப் படித்தான். அவன் எங்கே தடுமாறுகிறான் என்று ஞாயிறுதோறும் குறித்துவைத்து, அடுத்த வாரம் அங்கிருந்தே தொடங்குவார் வாத்தியார்.

வருஷக் கடைசியில் பள்ளியைச் சோதிக்க மேலதிகாரி வந்தார். வாத்தியார் நீட்டிய குறிப்பேட்டை அந்த மனுஷன் தொடக்கூட இல்லை.

"தேறினானா இல்லையா, அதைச் சொல்லுமய்யா" என்று அச்சுப் புத்தகம் ஒன்றை நாகன் கையில் திணித்தார். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. நாகன் விரலை வைத்ததும் பாதி வரி மறைந்துபோனது. ஓர் எழுத்தும் அவனுக்குப் பிடிபடவில்லை.

பள்ளியை மூடிவிடும்படி வாத்தியாரிடம் மட்டும் சொல்லிவிட்டு, முடிவைக் கதவில் சாக்குக்கட்டியால் பெரிதாக எழுதிப் போனார் அதிகாரி.

நாகன் கதவருகே போய் ஒவ்வோர் எழுத்தாகத் தடவினான்.

"நா...க...ன். தே...ற...வி...ல்...லை."

முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினான். "சரியாப் படிச்சனுங்களா வாத்தியாரே?"

"சரிதான்" என்றார் காஜா வாத்தியார்.

"அப்ப வர்ற ஞாயித்துக்கெழம இதுக்கு அடுத்ததுலருந்து தொடங்கலாமுங்களா?"