மறைவா, வெளிச்சமா: ஏதேனும் ஒன்றில் மட்டும் குறியிடவும்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் இருந்த பிழையிலிருந்து பிறந்தது. எழுத்துப்பிழையைச் சொல்லவில்லை, அவையும் இரண்டு இருந்தன. சன்னல் திரை விற்கும் கடையில் வாடிக்கையாளர் நிரப்பித் தரவேண்டிய தாள் அது. ‘உங்கள் தேவை’ என்றொரு வரி. அதன்கீழ் இரண்டு கட்டங்கள்: மறைவு, வெளிச்சம். அருகே அடைப்புக்குறிக்குள், ‘ஏதேனும் ஒன்றில் மட்டும் குறியிடவும்’.

ஏன் ஒன்றில் மட்டும்? மனிதனுக்கு இரண்டும் வேண்டியிருக்கும் என்பது இதை அச்சிட்டவருக்குத் தெரியாதா? அவர் வீட்டில் சன்னலே கிடையாதா? நான் இப்படிக் கொதித்துக்கொண்டிருக்கையில், என்னைத் துணைக்கு அழைத்துச் சென்ற நண்பர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். கடைசியில் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “வீட்ல கேட்டுட்டு வரேம்மா” என்றார், விற்பனைப் பெண்ணிடம்.

வீட்டில் கேட்பதற்கு யாருமில்லை. கேட்கவேண்டியவர் ஐந்து மாதமாக எதிர்வீட்டில் இருக்கிறார்.

2

எங்கே தொடங்குவது?

‘முப்பத்தோராண்டு இல்லறத்தில் அவர்களுக்கிடையே நின்றது கனமான ஒரு பச்சைத் திரைச்சீலைதான், அதைத் தைத்த தையற்காரர்கூட…’

(அடித்துவிட்டேன். கேலித் தொனி. நண்பர் படித்தால் வருந்துவார். “பேரை மட்டும் போட்டுடாதீங்க” என்று சொல்லித்தான் அனுமதி தந்திருக்கிறார்.)

‘இருள் என்பது…’

(இதுவும் வேண்டாம். ‘என்பது’ என்று தொடங்கினால் வாசகர் கொட்டாவி விடுவார். நானே விட்டேன்.)

நேராகச் சொல்கிறேன். அவர் ஊடுகதிர்ப்பட வல்லுநர். ஆனால், அப்படி அழைத்தால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார், ஆகவே எக்ஸ்ரேக்காரர். மருத்துவமனையின் இருட்டறையில் படம் கழுவிக் கழுவிக் கண்ணை இருட்டுக்குப் பழக்கியவர். வீட்டிலும் முதல் மாடிச் சன்னலில் பச்சைத் திரை. எப்போதும் இழுத்து மூடியபடி. தெருவில் போகிறவர்கள் உள்ளே பார்ப்பது அவருக்குக் கட்டோடு பிடிக்காது. மனைவிக்கோ வெளிச்சம் வேண்டும். அவர் திறப்பார், இவர் மூடுவார்.

ஒருநாள் காலை அந்த அம்மையார் திரையை விலக்கி, சன்னலருகே அமர்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். அறைக்குள் வந்த எக்ஸ்ரேக்காரர் வழக்கப்படி திரையை இழுத்து மூடிவிட்டுப் போனார். மனைவி அங்கே அமர்ந்திருந்ததை அவர் கவனிக்கவேயில்லை.

அம்மையார் சண்டை போடவில்லை. பையை எடுத்துக்கொண்டார்.

“எதிர்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன். ரெண்டு நாள் வெளிச்சத்துல உக்காந்துட்டு வரேன்.”

அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

3

இங்கே எனக்கே இந்தப் பாத்திரத்தின்மீது ஐயம் எழுகிறது. ஐந்து மாதம் ஒருவர் தெருவைக் கடந்து போய் ‘வா’ என்று சொல்லாமல் இருப்பாரா? பன்னிரண்டு அடி அகலத் தெரு! நான் அவரிடமே கேட்டேன்.

“கூப்பிட்டா வந்துடுவா. வந்து அதே இருட்டுல உக்காருவா. அதுக்கு எதுக்குக் கூப்பிடணும்?”

ஆகவே பாத்திரம் பிழையன்று. என் ஐயந்தான் பிழை. அவர் முதலில் சன்னலைச் சரிசெய்ய விரும்பினார். அதற்கிடையில் இன்னொன்றையும் விரும்பினார். அதை என்னிடம் சொல்லவில்லை, கடையில் படிவத்தை மடித்து வைத்த கையோடு அவர் விற்பனைப் பெண்ணிடம் கேட்டபோது நானாகத் தெரிந்துகொண்டேன்.

“ஏம்மா, உள்ள இருந்து நான் பாக்கணும். நான் பாக்கறது வெளிய தெரியக்கூடாது. அப்படி ஒண்ணு இருக்கா?”

“இருக்கு சார். இந்த ஸ்கிரீன் துணி. பொடிப்பொடியா ஓட்டை இருக்கும். பகல்ல உங்களுக்குத் தெரு தெரியும், தெருவுக்கு உங்களைத் தெரியாது. ஆனா சார், சாயங்காலம்…”

“போதும்மா. இதுல ஒரு துண்டு குடு, மாட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்.”

(அந்தப் பெண் முடிக்காமல் விட்ட வாக்கியத்தை நானும் அப்படியே விட்டிருக்கிறேன். முற்றுப்பெறாத வாக்கியம் எனக்கு ஆகாது. ஆனாலும், அவர் அதை முழுதும் கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.)

4

அன்று பிற்பகல் எக்ஸ்ரேக்காரர் பச்சைத் திரையைக் கழற்றிவிட்டு, அந்தச் சாம்பல்நிறத் துணியைக் கவ்விகளால் தொங்கவிட்டார். பின்னால் நின்றார். எதிர்ச் சன்னல் துல்லியமாகத் தெரிந்தது. மனைவி கால்களை நீட்டி அமர்ந்து, சட்டை ஒன்றுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தலையில் வெயில். மூக்குக்கண்ணாடியின் சட்டம் மாறியிருந்தது. ‘எப்போது மாற்றினாள்? யார் கூடப் போனார்கள்?’ அவர் நகரவில்லை. அம்மையார் பல்லால் நூலைக் கடித்ததும், கழுத்தை ஒரு பக்கமாய்ச் சாய்த்துத் தைத்ததும், ஏதோ சொல்லித் தங்கையைச் சிரிக்க வைத்ததும்…

(பட்டியலாக நீள்கிறது. வெட்டியிருக்கவேண்டும். அவர் பார்த்துக்கொண்டே நிற்கும்போது நான் எப்படி வெட்டுவது?)

மாலை ஆறரை. வெளியே மங்கியது. துணிக்கு அப்பால் உருவம் தெளியவில்லை. அறை இருட்டாக இருப்பதால்தான் தெரியவில்லை என்று எண்ணி, விளக்கைப் போட்டார். அப்போதும் தெரியவில்லை. மூக்கு துணியில் உரச இன்னும் நெருங்கி நின்றார். ஒரு மணி நேரம்.

தொலைபேசி ஒலித்தது. மைத்துனி.

“அத்தான், என்ன பண்றீங்க?”

“சும்மாதான். உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கேன்.”

“நின்னுக்கிட்டே உக்காந்திருக்கீங்களா?”

அவர் துணியிலிருந்து மூக்கை எடுத்தார்.

“பின்னாடி லைட்டு எரியுது அத்தான். தெருமுனை வரைக்கும் நீங்கதான் தெரியறீங்க. பனியனுக்கு மேல ஒரு சட்டையாவது போடக்கூடாதா? இருங்க, அக்கா பேசறாங்க.”

வாழ்நாளெல்லாம் படத்துக்குப் பின்னால் விளக்கைப் போட்டு, ஊராருடைய எலும்பைப் பார்த்தவர். தனக்குப் பின்னால் தானே விளக்கைப் போட்டுக்கொண்டார். வேறு தொழில் பார்த்தவர் எவரும் இந்தத் தவற்றைச் செய்திருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

“தெரியுதா?” என்றார், மெல்ல.

“எல்லாம் தெரியுது” என்றது மனைவியின் குரல்.

“முறிவு ஏதாவது?”

எதிர்முனையில் சிரிப்பு வந்து, நின்றது.

“இளைச்சுப் போயிட்டீங்க. அதுதான் தெரியுது.”

(முதற்படியில் ‘இளைத்து’ என்று திருத்தினேன். பிறகு மீண்டும் ‘இளைச்சு’ என்றே எழுதிவைத்தேன். என் வாழ்நாளில் திருத்தத்தைத் திருத்தியது இந்த ஒருமுறைதான்.)

5

மறுநாள் கடையிலிருந்து பொருத்துநர் அளவெடுக்க வந்தார்.

“ரெண்டும் வேணும்னா மேலிருந்து திறக்கிற பிளைண்ட்ஸ் போடுங்க சார். மேல்பாதியைத் திறந்து வெச்சா வெளிச்சம் கொட்டும். கீழ்பாதி மூடியிருக்கும். யாரும் பாக்க முடியாது.”

என் கோபத்துக்கு விடை கிடைத்துவிட்டது; இரண்டு கட்டங்களிலும் குறியிடலாம்! நான் துள்ளாத குறை. எக்ஸ்ரேக்காரரோ நாற்காலியில் அமர்ந்து, பொருத்துநர் சன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துப் பிடித்துக் காட்டிய அட்டையைப் பார்த்தார்.

“உக்காந்தா எதிர்வீடு தெரியாதே?”

“அதான் சார் இதோட வசதியே.”

“வேணாம்ப்பா.”

6

முடிவுகள்.

(அ) அம்மையார் பையோடு தெருவைக் கடந்து வருகிறார். இதை எழுதி முடித்தபோது கண் கலங்கிற்று. கண் கலங்கினால் உடனே நம்பிவிடும் வயது எனக்கில்லை. அடித்தேன்.

(ஆ) அம்மையார் எழுந்து எதிர்ச் சன்னலின் திரையை இழுத்து மூடுகிறார். இதை எழுதியபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடித்தேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. படிவம் குறியிடப்படாமல் கடைக்குத் திரும்பிற்று. சன்னலில் இப்போது எந்தத் துணியும் இல்லை. எக்ஸ்ரேக்காரர் மாலை ஆறரைக்குச் சட்டை அணிந்து, பொத்தான்களைப் போட்டு, விளக்கை ஏற்றி அமர்கிறார். அருகே இன்னொரு நாற்காலியையும் சன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருக்கிறார். நேற்று எதிர்வீட்டு விளக்கு சற்று முன்னதாகவே அணைந்தது. அங்கே மாடிப்படி விளக்கு எரிந்தது. அவர்

(இந்த வாக்கியத்துக்குப் பயனிலை தரமாட்டேன்.)

வாசகரே, நீங்கள் என்றேனும் அந்தத் தெரு வழியாகப் போகலாம். நிமிர்ந்து ஒரே ஒருமுறை பாருங்கள், அவர் ஆட்சேபிக்கமாட்டார். இரண்டாவது நாற்காலி வெறுமையாக இருந்தால், இந்தக் கதையை நீங்களே எழுதி முடித்துக்கொள்ளலாம். அதில் யாரேனும் அமர்ந்திருந்தால் எனக்குச் சொல்லியனுப்பவேண்டாம். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நடந்துபோய்விடுங்கள். அந்தச் சன்னலுக்கு அதைவிட நல்ல திரை எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.