தாள் நனைந்திருந்தால்

"அதை எடுக்காதே, ஒழுகும்," என்றார் குழாய்க்காரர்.

டீக்கு வெந்நீர் வைக்கப் பாத்திரத்தைத் தூக்கப் போன மைத்துனி கையை எடுத்தாள். சமையலறைக்கு எதற்காக வந்தோம் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. உள்ளறையில் அவர் மனைவியை, ஊருக்கெல்லாம் கெமிஸ்ட்ரி டீச்சரை, வெள்ளைப் போர்வை போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். காலையில் எழுப்பினார், எழவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். எல்லோருக்கும் அது புரிந்தது. அவருக்கு மட்டும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"ஒழுகலையே அத்தான். கழுத்து வரைக்கும் தண்ணி இருக்கு. அடியில பேப்பர் வேற விரிச்சு வச்சிருக்கா அக்கா."

இந்தப் பாத்திரத்தால் வீட்டில் மூன்று மாதமாகச் சண்டை. தண்ணீர் நிரப்பி அடுப்பில் வைத்ததும் அடியில் முத்து முத்தாகத் துளிர்க்கும். ஒன்றிரண்டு சொட்டு நெருப்பில் விழுந்து 'சொய்' என்னும். சூடு ஏறினால் நின்றுவிடும். முப்பது வருடமாக ஊர் ஒழுகலையெல்லாம் அடைத்தவருக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, சூட்டில் உலோகம் விரிந்து தானே அடைபடுகிறது என்று தீர்ப்புச் சொல்லி, இரண்டு தடவை ஈயப் பற்றும் வைத்துவிட்டார். துளிர்ப்பது நிற்கவில்லை.

"அது பாத்திரத்துத் தண்ணியே இல்லைங்க," என்பாள் டீச்சர். "காஸ்ல ஹைட்ரஜன் இருக்கு. எரியும்போது காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து தண்ணியாகுது. அது ஆவியா மேல வந்து, ஜில்லுனு இருக்கற பாத்திரத்துல பட்டு வேர்க்குது."

"நெருப்புலேர்ந்து தண்ணியா? யார் காதுல பூ சுத்தற?"

வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நேற்று சாயங்காலம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த இரண்டு பேர் முன்னால் அவள் இதைச் சொல்லிச் சிரித்தாள். "குழாய்க்காரருக்குத் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னே தெரியல." அவருக்குச் சுருக்கென்றது. வந்தவர்கள் படி இறங்கியதும், "உன் படிப்பைப் பள்ளிக்கூடத்தோட வச்சுக்க. பத்தாவது தாண்டாதவனைத்தானே கட்டிக்கிட்டே?" என்று கத்தினார். அவள் முகம் விழுந்துவிட்டது. அவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்தார். அவள் எப்போது வந்து படுத்தாள், அழுதாளா, கோபமாகவே தூங்கினாளா, ஒன்றும் தெரியாது. காலையிலிருந்து அதைத்தான் மனத்துக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறார். இனி யாரைப் போய்க் கேட்பது?

"பேப்பர்ல என்னமோ எழுதியிருக்கு அத்தான்."

குனிந்து பார்த்தார். செய்தித்தாளின் ஓரத்தில், விடைத்தாள் திருத்தும் சிவப்பு மை.

'குழாய்க்காரர் கவனத்துக்கு. இரவு 10.40. அடுப்பு இல்லை, தண்ணீர் மட்டும். காலையில் தாள் நனைந்திருந்தால் நான் தோற்றேன். நானே வந்து முதலில் பேசுவேன். காய்ந்திருந்தால் நீங்கள் வந்து பேச வேண்டும்.'

இரண்டு தடவை படித்தார். முறைத்துக்கொண்டு எழுதினாளா, சிரித்துக்கொண்டு எழுதினாளா? அவள் எழுத்து எப்போதும் போல ஒரே சீராக இருந்தது. பாத்திரத்தைத் தூக்கி அடியைத் தடவினார். பிறகு தாளை அங்குலம் அங்குலமாக, கசிவு தேடிப் பழகிய விரல்களால் தடவினார். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு ஈரம் கிடைத்தால் போதும் என்று இருந்தது. அப்படியென்றால் அவளல்லவா வந்து பேசியாக வேண்டும்.

தாள் மொடமொடவென்று காய்ந்திருந்தது.

"டீ போடட்டுமா, வேண்டாமா அத்தான்?"

"இரு, வந்துடறேன்."

உள்ளறைக்குப் போனார். உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். இத்தனை வருடத்தில் எந்தச் சண்டைக்குப் பிறகும் முதலில் பேச வந்தவள் அவள்தான். எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குப் பழக்கமில்லை.

"ஒழுகல," என்றார்.

அழுதுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒழுகல. நீ சொன்னதுதான்."

மனுஷன் குழாயைப் பற்றி ஏதோ உளறுகிறார் என்று நினைத்து, பக்கத்து வீட்டம்மா சத்தமில்லாமல் எழுந்து சமையலறைக்குப் போனார். நன்றாகவே மூடியிருந்த குழாயை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.