கழற்று என்பவருக்கு ஒரு வரி

ஒரே ஒரு வரி. அதை எழுத உனக்குக் கை வலித்ததா? நிரலை எழுதினாய், 'கழற்று' என்று பெயர் வைத்தாய், வேறு கம்பெனிக்குப் போய்விட்டாய். எதைக் கழற்றுவது என்று யார் சொல்வது?

பீளமேட்டு அலுவலகத்தில் தினமும் காலை ஒன்பது மணிக்கு, நிரல்களைப் படித்து உதவிப் பக்கங்கள் செய்யும் இயந்திரம் கதவைத் திறக்கும். நான்கு மென்பொருள் நிரலகங்களின், அதாவது நிரல் தொகுப்புகளின், உதவிப் பக்கங்களும் மனிதர்களாக, வேட்டியிலும் சேலையிலும் இறங்கி வருவார்கள். மார்பில் பெயர், வாயில் விளக்கம். நிரலை எழுதியவர் அதன் தலைமாட்டில் விட்டுப்போகும் குறிப்புதான் அந்த விளக்கம். குறிப்பு இல்லாதவர்கள் பேச்சில்லாமல் வருவார்கள். எல்லோரையும் நிரலகம் வாரியாக, அகரவரிசையில் பெஞ்சில் உட்காரவைப்பது நாச்சம்மாளின் வேலை. காய்கறி மார்க்கெட்டில் இருபது வருஷம் ஏலம் கூவியவள். கோபம் மூக்குக்கு மேல் நிற்கும்.

கழற்று ஐம்பது வயதுக்காரர், சாது. முப்பது நாள் வாய் திறக்காத பக்கத்தை மாலை ஐந்து மணிக்கு அழித்துவிடுவது வழக்கம். நேற்று அவருக்கு இருபத்தொன்பதாம் நாள். நாச்சம்மாள் தினமும் அவர் சட்டையில் ஒரு வரி எழுதிவிடுவாள். மறுநாள் இயந்திரம் அவரைப் புதிதாகச் செய்து, வெள்ளைச் சட்டையோடு அனுப்பிவிடும்.

பொறுப்பாளர் மருதாசலத்திடம் பேரம் பேசினாள். பத்து நாள் கூடுதலாகக் கேட்டாள், ஐந்துக்கு இறங்கினாள், கடைசியில் அரை நாளுக்கு வந்தாள். அவர் அசையவில்லை.

"சட்டைல எழுதி என்ன பண்றதுங்க்கா? மிஷினுக்கு உள்ள இருந்தாத்தான் செல்லும்."

"அப்ப உள்ளயே போய்ச் சொல்லிட்டு வர்றனுங்க. உங்களாட்டக் கையக் கட்டிட்டு நிக்க முடியாது."

இயந்திரத்துக்குள் இடுப்பு வரை நுழைந்து, 'இவர், கோப்பில் மாட்டிய பூட்டைக் கழற்றுகிறவர்' என்று மூன்று தடவை நிதானமாகச் சொன்னாள். பிறகு கால்களும் உள்ளே போயின.

இன்று காலை, முப்பதாம் நாளும், கழற்று பேச்சில்லாமல்தான் இறங்கினார். அவருக்குப் பின்னால் நாச்சம்மாள் இறங்கினாள். மார்பில் பெயர் இருந்தது, வாயில் ஒன்றும் இல்லை. மருதாசலம் பட்டியலைப் பார்த்து, 'நகர்த்து'வுக்கும் 'நிறுத்து'வுக்கும் நடுவில் இடம் ஒதுக்கி, அவளுக்கு முதல் நாள் என்று குறித்துக்கொண்டார்.

இப்போது மணி மூன்று. எங்கே இருந்தாலும் கிளம்பி வா. கழற்றுக்கு அந்த ஒரு வரியை எழுது. அதே கையோடு நாச்சம்மாளுக்கும், நிரலுக்கு எழுதுவதுபோலவே, எழுது: என்ன கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், எதைத் திருப்பித் தருவாள் என்று. ஐந்து மணிக்குள் எழுது.