அம்மா வைத்த பாஸ்வேர்ட்

துவாரகன் தன் போனை நீட்டி, மேசையில் குப்புறக் கிடந்த மேனுகாவின் போனுக்கு மேலே பிடித்தபோது, அவள் கடித்திருந்த மரக்கறி றோல்ஸைத் தட்டில் வைத்தாள். போன் உறையின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த கறுப்புக் கட்டங்களைத்தான் அவன் ஸ்கான் செய்தான். அவசரமென்றால் இந்த இலக்கத்துக்கு எடுக்கவும் என்று ஒரு வரியும், அவளுடைய தம்பியின் இலக்கமும் வந்தன. அதற்குக் கீழே பாஸ்வேர்ட் கேட்டு ஒரு பெட்டி.

அன்றுதான் பெண் பார்த்திருந்தார்கள். பெண் பார்ப்பது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெள்ளவத்தையில் ஒரு கோயிலில் இரண்டு குடும்பங்கள் தற்செயலாகச் சந்தித்தன, அவ்வளவுதான். தற்செயலாக வந்த எல்லோரும் பட்டு உடுத்தியிருந்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து தற்செயலாக வந்த மாப்பிள்ளையின் தகப்பன் சிவபாதசுந்தரம் பெண்ணுக்கு மல்லிகைச் சரம்கூடக் கொண்டுவந்திருந்தார். பூசை முடிந்ததும், பிள்ளைகள் தனியாகக் கதைக்கட்டும் என்று இருவரையும் காலி வீதிச் சாப்பாட்டுக் கடைக்கு அனுப்பிவைத்தார்கள். துவாரகன் நல்லவனாகத் தெரிந்தான். அதுதான் மேனுகாவுக்குப் பயமாக இருந்தது. பிடிக்காதவனிடம் பொய் சொல்வதென்றால் சுலபம்.

மேனுகாவுக்கு வலிப்பு வரும். மருந்தை ஒழுங்காகப் போட்டால் வராது என்றிருந்தது, ஆனால் போன வருஷம் பஸ்ஸுக்குள் வந்துவிட்டது. சனம் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தது, வாயில் தண்ணீரை ஊற்றியது. கடைசியில் யாரோ ஒரு சிங்களப் பெண் ஆட்டோவில் ஏற்றிக் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். என்ன மருந்து போடுகிறவள், எது ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல அங்கே ஆளில்லை. அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி மிதுஷன் அந்த கியூஆர் கோட்டைச் செய்து ஒட்டினான். தெருவில் போகிறவர் ஸ்கான் செய்தால் இலக்கம் மட்டும் வரும். நோயும் மருந்தும் டொக்டரின் பெயரும் பூட்டுக்கு உள்ளே. கேட்கும் டொக்டருக்கு வீட்டிலிருந்து பாஸ்வேர்டைச் சொல்லவேண்டும்.

அங்கேதான் அம்மா சிவக்கொழுந்து குறுக்கே வந்தார். மகன் கொடுத்த எழுத்தும் இலக்கமும் கலந்த பாஸ்வேர்ட் அவருக்கு ஒரு கிழமைகூட மனதில் நிற்கவில்லை. மகள் விழுந்துகிடக்கும்போது நான் எந்தக் கொப்பியைத் தேடுவேன் என்று சண்டை பிடித்து, அவரே ஒன்றை வைத்தார்: மேனுகா பிறந்த திகதியும் நேரமும். திகதி தெரிந்தாலும் நேரம் வெளியாருக்கு எங்கே தெரியப்போகிறது என்று மிதுஷனும் ஒத்துக்கொண்டான். நோயைப் பற்றி மூச்சுவிடக்கூடாது, கலியாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்பது வீட்டுச் சட்டம்.

“உள்ளுக்க ஏதோ பூட்டி வச்சிருக்கிறீங்கள் போல?” என்றான் துவாரகன்.

“தம்பி விளையாட்டுக்குச் செய்தது. பாஸ்வேர்ட் அம்மா வச்சவ.”

“அம்மா வச்சவவோ?” என்று அவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துவிட்டது. கை கழுவ எழுந்துபோய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று, இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். எனக்கு வலிப்பு வருத்தம் இருக்கு. நாலு சொல்தான். திரும்பி வந்தபோது அவன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, குடிக்க இன்னொரு பிளேன்ரீ சொல்லட்டுமா என்று கேட்டான். அவள் வேண்டாம் என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. வீதியைக் கடக்கும்போது அவன் வாகனம் வரும் பக்கமாக மாறி நடந்தான். அதுவும் பிடித்திருந்தது.

மேனுகா கடற்கரைப் பக்கத்துத் தங்கள் மாடிவீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்ற முதலே சிவக்கொழுந்து தொடங்கிவிட்டார். என்ன கேட்டவர், என்ன சொன்னனீ, முகம் எப்பிடி இருந்தது. ஸ்கான் செய்த கதை வந்ததும் மகளின் போனைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். மிதுஷன் சிரித்தான். உள்ளே போகமுடியாது, பிறந்த நேரம் யாருக்குத் தெரியும் என்று தொடங்கியவன் பாதியில் நின்றான்.

“அம்மா, அவையளுக்குச் சாதகம் அனுப்பினனீங்களெல்லோ?”

அனுப்பியிருந்தார். முதலில் எடுத்த படம் தெளிவில்லை என்று திரும்ப வெளிச்சத்தில் வைத்து எடுத்து, தகப்பனுக்கு ஒன்று மகனுக்கு ஒன்று வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். பிறந்த திகதியும் நேரமும் கொட்டை எழுத்தில் உச்சியில் இருந்தன. பொருத்தம் பார்க்கிற வீட்டுக்குச் சாவியைத் தன் கையாலேயே கொடுத்துவிட்டு, மனுசி கதவைப் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

மிதுஷன் மடிக்கணினியைத் திறந்தான். யார் எப்போது திறந்தாலும் அதில் பதிவாகும். அன்றைய பதிவைத் தேடினான்.

“அக்கா, நீங்கள் கடையில இருக்கேக்கயே திறந்திட்டார்.”

மேனுகாவால் இருக்க முடியவில்லை. அறைக்கும் பல்கனிக்குமாக நடந்தாள். முதலில் கோபம்தான் வந்தது. கை கழுவப் போன நேரத்தில் என் உடம்பைத் திறந்து பார்த்திருக்கிறான். பிறகு, அவன் முகத்துக்கு நேரே பொய் சொன்னது யார் என்று நினைத்துக் கூசினாள். வீதியில் பக்கம் மாறி நடந்தானே, அது பிடித்ததாலா, இவள் விழுந்துவிடுவாள் என்ற பயத்தாலா? இனி அவன் செய்யும் எந்த நல்லதையும் இப்படித்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

சிவக்கொழுந்து அதற்குள் ஒரு பொய்யைத் தயார் செய்துவிட்டார்: போன் உறை கந்தோரில் கூட வேலை செய்யும் சிநேகிதியுடையது, மாறிப்போய்விட்டது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் அடித்தது. சிவபாதசுந்தரம். வழமைபோல் ஸ்பீக்கரில் போட்டார்.

“தங்கச்சி, எங்கட துவாரகன் தம்பிக்குப் பிள்ளையை நல்லாப் பிடிச்சிருக்காம். விசாரிச்ச இடத்திலயும் ஒரு குறையும் சொல்லேல்ல. கலியாண எழுத்துக்கு ஒரு நாளைப் பாத்து ரெஜிஸ்ட்ராரோட கதைப்பமே?”

சிவக்கொழுந்தின் கண் நிறைந்துவிட்டது. சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மேனுகாவுக்கு விளங்கியது. அவன் தகப்பனிடம் சொல்லவில்லை. நோயை மறைக்கும் இந்த வீட்டுச் சட்டம் ஒரு பின்னேரத்துக்குள் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நாளைக்கு அந்த வீட்டுக் குசினியில் சமைக்கும்போது அவள் விழுந்தால், சாவிக்கொத்தோடு ஓடிவரப்போவது போனில் கதைக்கும் இந்த மனுசன்தான். துவாரகனிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாமோ என்று ஒரு கணம் யோசித்தாள். பூட்டைத் திறக்க முதல் அவன் அவளிடம் கேட்டானா?

அம்மாவின் கையிலிருந்து போனை எடுத்தாள்.

“அங்கிள், நான் மேனுகா. உங்களிட்ட ஒரு விஷயம் சொல்லவேணும்.”

சிவக்கொழுந்து பாய்ந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். அப்போது பார்த்துக் கீழே கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. வாசலில் தொங்கிக்கொண்டு வேலையால் வீடு திரும்பும் சனத்தோடு பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. “ஹலோ, பிள்ளை, ஹலோ, கேக்கேல்ல” என்று போனுக்குள் சிவபாதசுந்தரம் கத்திக்கொண்டிருந்தார். அம்மா பிடித்த பிடியை விடவில்லை. மேனுகா போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தபடி, கடைசிப் பெட்டி போகட்டும் என்று நின்றாள்.